துவைக்காத வேட்டி

மகனே, பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருக்கிற துணியை எடுத்து மணந்து பார்க்காதே. பனி வாசம் கொஞ்சம் வரும், எங்கள் பல்கனித் தூசு வாசமும் கொஞ்சம் வரும். அப்பாவுக்கு வயது போய்விட்டது, ஊத்தைத் துணியை அனுப்பிவைத்திருக்கிறார் என்று என் மருமகள் ஓர்லாவிடம் பகிடி பண்ணவும் வேண்டாம். முதலில் இதைப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் அம்மா விடவில்லை. "இந்த மனுசன் போனை எடுத்தா, போன் இல்லாமலே அயர்லாந்துக்குக் கேக்கும். எழுதுங்க, அதான் மரியாதை" என்றாள். அதனால் லீவு போட்டுவிட்டு, பெப்ரவரி முதலாம் தேதி காலையில் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நோர்வேப் பனியில் எங்கள் ஹொல்ம்லியா முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது.

எனக்கு இப்போது பெரிய கவலைகள் இல்லை. முழங்கால் இந்தக் குளிருக்குப் பரவாயில்லை. உன் அம்மா நன்றாகச் சமைக்கிறாள், நன்றாகச் சண்டையும் பிடிக்கிறாள். ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உன் பிள்ளை பிறக்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. பிறந்ததும் அதைச் சுற்றுவதற்கென்று ஓர்லாவின் தாய் காத்து வைத்திருந்து கொடுத்த சால்வையைப் பாழாக்கியவன் நான். இப்போது நானே ஒரு துணி அனுப்புகிறேன். ஓர்லா அதைப் பிள்ளைக்குச் சுற்றுவாளா, இல்லை மரியாதைக்கு நன்றி சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிடுவாளா? அதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

போன வருடம் நடந்ததை நீ எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறாய். நீ சொல்லும் கதையில் பாதி பொய். நடந்தது நடந்தபடி ஒருமுறை எழுத்தில் இருக்கட்டும். மோர்டென்ஸ்ருட்டில் வீடு கிடைக்கும்வரை நீயும் ஓர்லாவும் எங்களோடு இருந்தீர்கள். சனவரி கடைசி நாள், எனக்கு மறுநாள் காலை வேலை. சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குப் படுத்துவிட்டேன். நான் படுத்த பிறகு நீங்கள் மூன்று பேரும் என்னென்னவோ செய்திருக்கிறீர்கள். பிரிஜிட் என்ற அவர்களுடைய புனிதையின் பெருநாளுக்கு முதல்நாள் மாலை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உன் அம்மா என்னிடம் சொல்வாள் என்று நீ நினைத்தாய், நீ சொல்வாய் என்று அவள் நினைத்தாள். நல்ல குடும்பம்!

விடியுமுன் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனேன். குசினி வாசலுக்கு மேலே வைக்கோலால் கட்டிய ஏதோ ஒன்று தொங்கியது. நாலு பக்கமும் நாலு கை, நடுவில் பின்னல், கைகளின் நுனியில் நூல் முடிச்சு. பல்கனிக் கண்ணாடியால் பார்த்தால், கம்பியில் ஒரு வெள்ளைத் துணி விறைத்துப்போய்த் தொங்குகிறது. மகனே, நான் மட்டக்களப்பான். யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களைக் கண்டால், "உங்கட வீட்டுக்கு வந்தா மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டிப்போடுவீங்களே" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் வைக்கோல் முடிச்சையும் வெள்ளைத் துணியையும் விடியாத இருட்டில் ஒன்றாகக் கண்டால் எனக்குச் சிரிப்பு வராது. செய்வினை என்றுதான் மண்டையில் அடித்தது. யார் செய்தது? கார் நிறுத்தும் இடத்துக்காக என்னோடு வாக்குவாதப்பட்ட மேல்வீட்டு நோர்வேக்காரன்! நினைத்துப் பார், கோடைக்கு வள்ளம் ஓட்டி, குளிருக்கு ஸ்கீ ஓடித் திரிகிற மனுசன். அவனுக்குப் போய் எங்கள் மந்திரம் எங்கே தெரியப்போகிறது? அந்த நேரத்தில் அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

தும்புத்தடியின் நுனியால் துணியைத் தூக்கினேன், கை படக்கூடாதல்லவா. வாளியில் போட்டு மஞ்சள்தூள் பைக்கட் முழுவதையும் கொட்டினேன். உப்பும் போட்டேன். மறுகா அள்ளி மெஷினுக்குள் தள்ளி, ஆகக் கூடின சூட்டில் சுத்தவிட்டேன். மெஷினுக்கு மேலே ஒரு கற்பூரமும் கொளுத்தி வைத்தேன். அதுதான் பிழையாகிப்போனது. புகை அலாரம் கத்தத் தொடங்கியது, நீ அரைக் காற்சட்டையோடு ஓடிவந்தாய், அம்மா "என்ன எரியுது, என்ன எரியுது" என்று கத்திக்கொண்டு வந்தாள். கடைசியாக ஓர்லா வந்தாள். மெஷினின் கண்ணாடிக்குள்ளே அவளுடைய கம்பளிச் சால்வை மஞ்சள் நுரையோடு சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக வாஷ்கரியில், ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் வெளுக்கிற இடத்தில் நிற்கிறவன் நான். கம்பளியைச் சுடுதண்ணியில் போட்டால் என்ன ஆகும், மஞ்சள் கறை எங்கே போகும் எங்கே போகாது என்று எனக்குத் தெரியாதா? அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அதெல்லாம் எனக்குத் தெரியவந்தது.

மெஷின் சுத்தி முடியும்வரை கதவு திறக்காது. ஓர்லா குளியலறை நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏச்சில்லை, அழுகையில்லை. அழுதது உன் அம்மா. வெளியே எடுத்தபோது ஒரு ஆளைப் போர்த்தக்கூடிய சால்வை, முகம் துடைக்கிற துவாயைவிடக் கொஞ்சம் பெரிதாக, தடித்து, மஞ்சள் சோற்றின் நிறத்தில் இருந்தது. "மாமா, இத ஏன் துவைச்சீங்க?" என்று தமிழில் கேட்டாள். அவள் என்னிடம் முழுதாகச் சொன்ன முதல் தமிழ் வசனம் அதுதான். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது மகனே. ரயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் விரல் நகமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

பின்னேரம் வந்ததும் நானே போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். "சொல்லு மகள், என்ன பெருநாள் இது?" என்று கேட்டேன். நீ நோர்வேஜியனிலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தாய். கிறிஸ்தவம் வருமுன்பே அங்கே பிரிஜிட் என்று ஒரு தெய்வம் இருந்ததாம், பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் இரும்பு வேலைக்கும் அவள்தான் காவலாம். செம்மறிகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் நாளை வசந்தத்தின் முதல்நாள் என்று வைத்து இம்போல்க் என்று கொண்டாடியிருக்கிறார்கள். பிறகு அதே பெயரில் ஒரு புனிதை வந்தாள். ஓர்லாவின் ஊரான கில்டேரில் ஓக் மரத்தடியில் கன்னியர் மடம் கட்டி, அணையாத நெருப்பு ஒன்று வளர்த்தாள். எது தெய்வத்தின் கதை, எது புனிதையின் கதை என்று பிரிக்கப் போனால் முடியாது என்றாள் ஓர்லா. எனக்கு அது விளங்கியது. எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களிலும் எந்த அம்மன் எப்போது வந்தாள் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அந்தப் பெருநாளுக்கு முதல்நாள் மாலையில் அவள் வீடுவீடாக நடந்து போவாளாம். வெளியே ஒரு துணி விட்டால் போகிற வழியில் தொட்டுவிட்டுப் போவாளாம். அந்தத் துணியை எடுத்து வைத்துத் தலையிடிக்குக் கட்டுவார்கள், மாடு கன்று போடும்போது முதுகில் போடுவார்கள், பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோவார்கள். வருடா வருடம் வெளியே விடவிட அதற்குச் சக்தி கூடுமாம். ஓர்லா பிறந்தபோது சுற்றிய சால்வைதான் அது, அவள் தாய் ஒரு வருடமும் விடாமல் வேலியில் போட்டு எடுத்திருக்கிறாள். வைக்கோல் சிலுவையும் அந்த நாளுக்குரியது. சாகக் கிடந்த ஒரு தலைவனுக்குப் பக்கத்தில் இருந்து, நிலத்தில் பரப்பிக் கிடந்த கோரையை எடுத்துப் பின்னிக்கொண்டே பிரிஜிட் கதை சொன்னாளாம், அதிலிருந்து வந்த வழக்கம். இங்கே கோரைக்கு எங்கே போவது? நத்தார்ப் பண்டிகைக்குக் குருவிகள் தின்னவென்று அம்மா பல்கனியில் கட்டுவாளே ஓட்ஸ் கதிர்க்கட்டு, அதில் குருவிகள் விட்ட வைக்கோலை எடுத்துப் பின்னியிருக்கிறாள் என் மருமகள். அதைத்தான் நான் செய்வினை ஆக்கினேன்.

அந்தப் புனிதையைப் பற்றி அன்றைக்கு இன்னொரு கதையும் சொன்னாள். சின்ன வயதில் வீட்டுப் பாலையும் வெண்ணெயையும் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவாளாம். கடைசியில் தகப்பனுடைய கல் பதித்த வாளையே ஒரு குஷ்டரோகிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நீங்கள் எல்லோரும் "ஆகா" என்றீர்கள். நான் தகப்பன் பக்கம். வாள் அவனுடையது, ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்! அம்மா உடனே, "மத்தவங்கட சாமானைக் கேக்காமத் தொடக்கூடாது என்டு நீங்களா சொல்றீங்க?" என்றாள். ஓர்லா அப்போதுதான் முதல்முதலாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

ஆனால் சிரித்தால் சால்வை வந்துவிடுமா? சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். வெள்ளைக் கம்பளி, நல்ல சாமான், தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஓர்லா இரண்டு கையாலும் வாங்கினாள். "நல்ல வடிவு மாமா. ஆனா இது புதுசு, இது இன்னும் ஒரு நாளும் வெளியில நிக்கல்ல" என்றாள். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த மஞ்சள் துண்டை நான் எங்கேயும் காணவில்லை. எறிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கேட்கத் துணிவு வரவில்லை.

இலையுதிர் காலத்தில் நீ வந்து, "பிள்ளை அயர்லாந்திலதான் பிறக்கும் அப்பா, ஓர்லாவுக்கு அவட அம்மாவோட இருக்க வேணுமாம். பாப்பாபெர்ம் எடுத்திட்டு நானும் போறன். அங்க வேலை கிடைச்சா பிறகு பாப்பம்" என்றாய். தகப்பனுக்கும் பிள்ளைப்பேற்று லீவு கொடுக்கிற நாட்டை விட்டு யாராவது போவார்களா என்று நான் கத்தினேன். இங்கே ஆஸ்பத்திரி இல்லையா, அம்மா இல்லையா, முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு யார் வருவது என்று கேட்டேன். நீ எழும்பிப் போனாய். உன் அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தவள், கத்தியை வைக்காமலே கேட்டாள்: "இஞ்சருங்க, கல்யாணம் முடிச்சு நீங்க எங்க இருந்தீங்க?" உங்கள் வீட்டில் என்றேன். "தலைப்பிள்ளைக்குப் பொம்புள எங்க போவா?" தாய்வீட்டுக்கு என்றேன். "பிள்ளைக்கு ஆர்ர குடி?" தாயின் குடி என்றேன். "மறுகா என்ன சத்தம்?" என்றுவிட்டுக் கத்தரிக்காயைத் தொடர்ந்து வெட்டினாள்.

உண்மைதானே. எங்கள் மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். வீடு பெண்ணுக்கு, குடி தாய்வழி. நீ அயர்லாந்துக்குப் போனது புதுப் பழக்கம் இல்லை, அசல் எங்கள் வழக்கம். நான்தான் நோர்வேயில் இருந்து இருந்து அதை மறந்துபோனேன். உன் பிள்ளை கில்டேர்க் குடி. யாராவது கேட்டால் இப்போது பெருமையாகவே சொல்கிறேன். ஹொல்ம்லியா கடையில் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர், "என்ன, மகன் வீட்டோட மாப்பிள்ளையாப் போட்டானாம்?" என்று கேட்டார். ஓம், அதுக்கென்ன என்றேன்.

பிள்ளை அங்கே பிறந்தால் எங்கள் பிள்ளை இல்லையோ என்று எனக்குள் ஒரு சின்னப் பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். நீங்கள் புறப்படுகிற கிழமை ஓர்லா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, பிரிஜிட் பிறந்த கதையைச் சொன்னாள். அவள் தாய் விடியற்காலையில் பால் குடத்தோடு வீட்டுக்குள் வந்தாளாம், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அப்படியே வாசற்படியில் பிள்ளை பிறந்துவிட்டதாம். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எங்கள் வீட்டில் வாசற்படியில் நின்று கதைத்தாலே அம்மா ஏசுவாள், அதில் ஒரு புனிதை பிறந்திருக்கிறாள் என்றால் என்ன சொல்வது? அதை ஏன் எனக்குச் சொன்னாள் என்று அன்றைக்கு விளங்கவில்லை. நீங்கள் போன பிறகு, வெறும் வீட்டில் உங்கள் அறைக்கதவை மூடும்போது விளங்கியது: உன் பிள்ளையும் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே வைத்துத்தான் பிறக்கும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இப்போது நீ மருமகனாக இன்னொரு வீட்டில் இருக்கிறாய். அங்கே விளங்காத ஒன்றைக் கண்டால் ஒரு நாள் பொறு. தொடாதே, திருத்தாதே, சுத்தம் பண்ணப் போகாதே. அடுத்த நாள் மெதுவாகக் கேள். நான் அந்த ஒரு நாள் பொறுக்காதவன். உன் மாமியார் என்ன பெருநாள் வைத்தாலும் முன்னுக்கு நில், பின்னுக்கு நின்று போட்டோ மட்டும் எடுக்காதே. கில்டேரில் அந்த நெருப்பைச் பல வருடங்களுக்கு முன் திரும்ப ஏற்றியிருக்கிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். உன் பிள்ளை உன் சாமானை யாருக்காவது தூக்கிக் கொடுத்தால் ஏசு, ஆனால் திரும்ப வாங்கப் போகாதே. இன்னொன்று, வீட்டில் எது நடந்தாலும் எல்லோருக்கும் சொல். ஒருவர் சொல்வார் என்று மற்றவர் இருந்தால் மெஷினுக்குள் சால்வைதான் சுத்தும்.

இனித் துணிக்கு வருகிறேன். நீ பிறந்தபோது எனக்கு நோர்வே பாஷை அரைகுறை. ஒரு பழைய பருத்தி வேட்டியைப் பாதியாகக் கிழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் சுகம், புதுத்துணி குத்தும் என்று என் வீட்டில் சொல்வார்கள். அந்த நர்ஸ் வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துவைத்ததா என்று கேட்டாள். துவைத்து, அவித்து, அயன் பண்ணிக் கொண்டுவந்தேன் என்று கையால் செய்து காட்டினேன். சிரித்துவிட்டு அதிலேயே உன்னைச் சுற்றித் தந்தாள். நீ அதில் இருந்த இருப்பு இப்போதும் என் கையில் இருக்கிறது. மற்றப் பாதியை அம்மா பெட்டியடியில் வைத்திருந்தாள்.

நேற்று மாலை அதை எடுத்துப் பல்கனிக் கம்பியில் போட்டேன். சும்மா போட்டால் சரிவராது, முறையாகச் செய்யவேண்டும் என்றாள் அம்மா. போன வருடம் நான் படுத்த பிறகு ஓர்லா பிரிஜிட்டாக வந்தது போல, தானே வெளியே போய் நின்று கதவைத் தட்டினாள். "திறங்க, பிரிஜிட் வந்திருக்கிறா" என்றாள். நான் உள்ளே நின்று, "வாங்க, வாங்க" என்றேன். ஒரு முறை போதாதாம், மறுபடியும் தட்டினாள். அதற்குள் மேல்வீட்டுக்காரன் படியிறங்கி வந்து, சாவியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டான். இல்லை, இது எங்கள் மருமகளின் பெருநாள் என்று அம்மா சொன்னாள். "அப்படியா, நல்ல பெருநாள்" என்று வாழ்த்திவிட்டுப் போனான். பாவம், நல்ல மனுசன். உன் அம்மா வெறுங்காலோடு உள்ளே வந்தபோது மருமகளே வந்தது போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காலையில் வேட்டி பலகை மாதிரி விறைத்திருந்தது. உள்ளே கொண்டுவந்து தொங்கவிட்டேன். பனி உருகினதும் பார்த்தால், கம்பி பட்ட இடத்தில் ஒரு சாம்பல் கோடு, ஓரத்தில் ஏதோ குருவியின் கால் தடம். துவைக்க எனக்கு எவ்வளவு ஆசை வந்திருக்கும் என்று நீ அறிவாய். மெஷின் இரண்டடி தூரத்தில் இருக்கிறது! கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காய்ந்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட இருந்த நேரம் போன் அடித்தது, எடுத்தால் ஓர்லா. நீ கடைக்குப் போயிருக்கிறாயாம். அம்மா முதலே அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் போல.

"மாமா, வேட்டி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மகள்."

"துவைச்சீங்களா?"

"இல்ல."

"மெய்யா?"

"மெய்தான். மாமி சாட்சி."

பிறகு நோர்வேஜியனில் சொன்னாள். மஞ்சள் சால்வை எறிபடவில்லையாம். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள், நேற்று அவளும் தாயும் அதைத் தோட்டத்து வேலியில் போட்டார்களாம். முந்தி அதில் ஓர்லாவைச் சுற்றினால் மிச்சம் நிலத்தில் இழுபடுமாம், இப்போதுதான் பிள்ளைக்கு அளவு என்று தாய் சொல்லிச் சிரித்தாளாம். அவள் திரும்பத் தமிழுக்கு வந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள்: "ரெண்டு துணியும் வேணும் மாமா. ஒண்டு நனைஞ்சா மத்தது. பிள்ளை வந்தா நிறையத் துவைக்க வேணும். எப்ப வாறீங்க?"

முதல் பக்கத்தில் எழுதின கேள்வியைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், அம்மா விடவில்லை. கிடக்கட்டும். பெட்டி நாளைக்குத் தபாலில் புறப்படும், நாங்கள் அதற்குப் பின்னால் வருவோம். உன் மாமியாரிடம் அவள் மெஷினை நான் தொடலாமா என்று இப்போதே கேட்டு வை. சவர்க்காரம் நான் கொண்டுவருவேன். மஞ்சள் அம்மாவின் பெட்டிக்குள் வரும், அது கறிக்கு.

அப்பா